அலஸானிக் கரையில் அயலார் வயல்

திபிலிசியிலிருந்து கிழக்கே போகும் மலைப்பாதை கோம்போரிக் கணவாயில் 1,620 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அதுவரை காடு, வளைவு, மறுபடியும் காடு. கணவாயைத் தாண்டி இறங்கும்போது மரங்கள் விலகுகின்றன. கீழே ஒரு சமவெளி விரிகிறது. நடுவில் அலஸானி ஆறு. ஆற்றுக்கு அப்பால் சுவர் எழுப்பியதுபோல் காகசஸ் மலைத்தொடர். அதன் உச்சிகளில் மே மாதத்திலும் பனி. இந்தப் பக்கம் திராட்சைக் கொடிகள், இடையிடையே கோதுமை, அதற்கும் இடையில் முள்ளும் புல்லும் மண்டிய தரிசு. ஆற்றையும் வண்டலையும் பார்த்து வளர்ந்த எந்த விவசாயிக்கும் அந்தத் தரிசைக் கண்டதும் கை பரபரக்கும்.

இது காக்கேத்தி. ஜார்ஜியாவின் கிழக்கு மாநிலம். (அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியா வேறு, இது கருங்கடலுக்கும் காகசஸுக்கும் நடுவே உள்ள, 1991 வரை சோவியத் யூனியனில் இருந்த நாடு. பரப்பு சுமார் 69,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதியைவிடச் சற்றுப் பெரியது.) திராட்சை ரசத்தை மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் ஊறவைக்கும் பழக்கம் இங்கே இன்னும் உண்டு. க்வெவ்ரி எனப்படும் அந்தத் தாழி முறையை 2013-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே 2013-ல் ஜார்ஜிய நாடாளுமன்றம் வெளிநாட்டவர்களுக்கு விவசாய நிலம் விற்பதை நிறுத்திவைத்தது. முதல் செய்தி உலகமெங்கும் போயிற்று. இரண்டாவது செய்தியால் தூக்கம் கெட்டவர்களில் பஞ்சாபின் கிராமங்களில் இருந்த பல குடும்பங்களும் அடக்கம்.

பஞ்சாபிகள் அங்கே போய்ச் சேர்ந்த கதை ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறது. 2012 வாக்கில் காக்கேத்தியில் ஒரு ஹெக்டேர் நிலம் ஆயிரம் டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது என்ற பேச்சு பஞ்சாபில் பரவியது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 54,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் பார்த்தால் 22,000 ரூபாய். பஞ்சாபில் நல்ல தண்ணீர் வசதியுள்ள ஏக்கர் இருபது, முப்பது லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஏக்கரை விற்றால் அங்கே நூறு ஏக்கர். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்துப் பிரித்து நான்கு ஏக்கரில் வந்து நிற்பவனுக்கு இதைக் கேட்டால் என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீர் வருஷத்துக்கு வருஷம் கீழே போகிறது. நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் போட்டு மண் சலித்துவிட்டது. பையனுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. இடைத்தரகர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஜார்ஜியாவும் கதவைத் திறந்தே வைத்திருந்தது. அதிபர் மிகேய்ல் சாகாஷ்விலியின் அரசு அந்நிய முதலீட்டுக்காக எல்லாச் சட்டங்களையும் தளர்த்திக்கொண்டிருந்தது. 2010-11-ல் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை விவசாயிகளைக்கூட வந்து குடியேறும்படி அழைத்தது. வந்தவர்கள் மிகச் சிலர். சொத்துப் பதிவு எவ்வளவு எளிது என்று உலக வங்கி வெளியிட்ட 2013-ம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் ஜார்ஜியாவுக்கு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வெற்றிலைப் பாக்குத் தட்டோடு காத்துக் கிடந்து பழகிய இந்தியனுக்கு, ஒரே நாளில் பத்திரம் கைக்கு வரும் ஊர் சொர்க்கமாகத்தான் தெரியும். அதுவரை வெளிநாட்டுத் தனிநபர் நேரடியாக விவசாய நிலம் வைத்துக்கொள்ளச் சட்டத் தடை இருந்தது. உள்ளூரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து அதன் பேரில் வாங்கினால் தடை இல்லை. டென்மார்க் குடியுரிமை பெற்ற ஒருவர் தொடுத்த வழக்கில் 2012 ஜூன் 26 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் தனிநபர் தடையும் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வந்தவர்கள் டிராக்டர் வாங்கினார்கள். முள்ளை வெட்டினார்கள். கோதுமை, மக்காச்சோளம், பிறகு வெங்காயம், பூண்டு, காய்கறி. காக்கேத்தியில் ரொட்டியை தோனே என்ற களிமண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடுகிறார்கள். தந்தூரின் உடன்பிறப்பு அது. பேரிலும் உறவு தெரிகிறது. அதைப் பார்க்கும் பஞ்சாபிக்குப் பாதி வீடு வந்துவிட்ட உணர்வு வருவது இயற்கை. சந்தையில் கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி. கத்தரிக்காயை வதக்கி உள்ளே அக்ரூட் விழுதை வைத்துச் சுருட்டுகிறார்கள். பீன்ஸை வேகவைத்து மசிக்கும் லோபியோ என்ற பண்டம் ராஜ்மாவுக்குச் சித்தப்பா மகன். அந்நிய மண் என்ற நினைப்பு மறந்துபோவதற்கு இதெல்லாம் போதும்.

ஆனால் நிலம் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்று நின்று கேட்டவர்கள் குறைவு. கேட்டிருந்தால் பதில் அந்தத் தரிசிலேயே இருந்தது.

சோவியத் யூனியன் உடைந்ததும் கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. 1992 முதல் நிலம் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் ஒன்றேகால் ஹெக்டேர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. வீட்டை ஒட்டிக் கொஞ்சம், ஆற்றோரம் கொஞ்சம், மேட்டில் கொஞ்சம். பண்ணை போனபோது பண்ணையின் டிராக்டரும் போயிற்று. பாசனத்துக்கான பம்புகளும் குழாய்களும் கழற்றப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயின. உள்நாட்டுச் சண்டை, மின்வெட்டு, வேலையின்மை. நாட்டின் மக்கள் தொகை 1989-ல் சுமார் 54 லட்சம். 2014 கணக்கெடுப்பில், பிரிந்து நின்ற அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் சேர்க்காமல், 37 லட்சம். பிழைக்கப் போனவர்கள் ரஷ்யாவிலும் கிரேக்கத்திலும் இத்தாலியிலும் இருந்தார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் கிழவர்கள், திராட்சைப் பந்தல், ஒரு பசு.

இருந்த சந்தையும் 2006-ல் கைவிட்டது. ஜார்ஜிய திராட்சை ரசத்துக்கு ரஷ்யா அந்த ஆண்டு தடை போட்டது. 2013 வரை அது நீடித்தது. இடையில் 2008 ஆகஸ்டில் போர். இதற்குப் பிறகும் நாட்டின் உழைப்பாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் விவசாயத்தில்தான் இருந்தார்கள். நாட்டின் வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆயிரம் டாலர் விலையின் ரகசியம் புரியும். மண் மட்டமானதால் அந்த விலை வரவில்லை. விற்றவனின் கையில் காசில்லை. அந்த ஒரு ஹெக்டேர் அவனுக்கு லாபம் தரும் தொழில் இல்லை. பென்ஷனும் ரேஷன் கடையும் சேர்ந்த ஒன்று. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதில் விளைந்தால் அடுப்பு எரியும்.

விற்கப்பட்டதெல்லாம் தனியார் நிலமும் அல்ல. அரசு நிலம் ஏலத்துக்கு வந்தது. காகிதத்தில் அது அரசுடையது. நடைமுறையில் ஊர் மாடுகள் மேயும் இடம். நம் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் விவகாரம் உடனே விளங்கிவிடும். ஏலம் எடுத்தவர் சட்டப்படி பணம் கட்டியிருப்பார். பத்திரத்தில் வில்லங்கம் இருக்காது. வேலி போட்ட மறுநாள் காலை மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் கிழவருக்கு அந்தப் பத்திரத்தைப் படித்துக்காட்டி என்ன பயன்? இதோடு அளவைக் குழப்பம் வேறு. 1990-களில் பங்கிட்ட நிலத்தில் பெரும்பகுதி முறையாகப் பதிவாகவே இல்லை. இலவசப் பதிவுத் திட்டம் தொடங்கியது 2016-ல்தான். அதற்கு முன் வாங்கியவர்களுக்கு, தன் எல்லை பக்கத்து வீட்டுக்காரரின் நினைவில் இருக்கும் எல்லையோடு மோதும் அபாயம் எப்போதும் இருந்தது. பதிவு ஒரே நாளில் முடியும் என்பதில் பொய்யில்லை. வரப்பு எங்கே என்று ஊர் ஒப்புக்கொள்ள ஒரு தலைமுறை ஆகலாம்.

2012 அக்டோபர் தேர்தலில் சாகாஷ்விலியின் கட்சி தோற்றது. பிட்சினா இவானிஷ்விலியின் ‘ஜார்ஜியக் கனவு’ கூட்டணி ஆட்சிக்கு வந்தது. நிலம் பறிபோகிறது என்ற முணுமுணுப்பு அதற்குள் காக்கேத்தியில் உரத்த குரலாகியிருந்தது. தலைப்பாகை கட்டிய அந்நியன் கண்ணில் படுகிறான். திபிலிசியில் உட்கார்ந்து கம்பெனி பேரில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வாங்குபவன் படுவதில்லை. கோபம் யார்மேல் விழும் என்பதில் சந்தேகமில்லை. 2013 ஜூன் இறுதியில் நாடாளுமன்றம் 2014 முடியும்வரை அந்நியருக்கு விற்பனையை நிறுத்தியது.

வேடிக்கை என்னவென்றால், மறுபக்கக் கதவும் ஒன்றரை மாதத்தில் சாத்தப்பட்டது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த நேரம். 2013 ஆகஸ்ட் 14 அன்று ரிசர்வ் வங்கி, இந்தியாவில் வசிப்பவர் ஓராண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகையை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்தது. அந்தப் பணத்தில் வெளிநாட்டில் நிலபுலன் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. விற்பனை ஒப்பந்தம் போட்டு, முன்பணம் கொடுத்து, பாக்கியை அனுப்பக் காத்திருந்தவர் இரண்டு அரசுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். நில வாங்கலுக்கான அந்தத் தடை 2014-ல் நீங்கியது. 2015 முதல் வரம்பு இரண்டரை லட்சம் டாலர். ஜார்ஜியாவிலும் 2014 ஜூனில் நீதிமன்றம் மீண்டும் குறுக்கிட்டு நிறுத்திவைப்பைச் செல்லாததாக்கியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் விசா, குடியிருப்பு விதிகள் இறுகின. நிலம் தன் பேரில். நடவு நேரத்தில் அங்கே நிற்க அனுமதி இல்லை. காய்கறி வைப்பவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கோதுமை பத்து நாள் பொறுக்கும். தக்காளி நாற்று பொறுக்காது.

கடைசிப் பூட்டை அரசியல் சட்டமே போட்டது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, விவசாய நிலத்தைத் தனி முக்கியத்துவம் வாய்ந்த வளம் என்கிறது. அது அரசுக்கும், உள்ளாட்சிக்கும், ஜார்ஜியக் குடிமக்களுக்கும், அவர்களது கூட்டமைப்புகளுக்கும் மட்டுமே சொந்தமாக இருக்கலாம். வாரிசுரிமை போன்ற சில விதிவிலக்குகளை 2019-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அந்நியர் கையில் கடிவாளம் உள்ள கம்பெனி என்ற பழைய பின்வாசலும் மூடிற்று. மனையோ அடுக்குமாடி வீடோ வாங்க இன்றும் தடையில்லை. அப்படி வாங்குவதைக் காட்டிக் குடியிருப்பு அனுமதி கேட்கவும் முடியும். ஆனால் அந்தக் கணக்கில் விவசாய நிலம் சேராது.

முன்பே சட்டப்படி வாங்கியவர்களின் உரிமை போய்விடவில்லை. ஆனாலும் பலர் விற்றுவிட்டுத் திரும்பினார்கள். தரகருக்குக் கொடுத்த லட்சங்கள் திரும்பவில்லை. ஊரில் விற்ற ஏக்கரை மறுபடி வாங்கும் வலு யாருக்கும் இல்லை. விலை அதற்குள் எங்கோ போய்விட்டது. சிலர் தங்கிவிட்டார்கள்.

ஜார்ஜியாவின் இந்தச் சட்டத்தைக் குறுகிய மனது என்று வைய முடியுமா? இந்தியன் வையக் கூடாது. நம் அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டவர் இங்கே ஒரு சென்ட் விவசாய நிலம்கூட வாங்க முடியாது. கடல் கடந்துபோன நம் சொந்தப் பிள்ளைகளுக்கே, அங்கே குடியுரிமை பெற்றாலும் பெறாவிட்டாலும், வயலும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அனுமதியில்லை. வாரிசாக வந்தால்தான் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் 118-வது பிரிவு, அந்த மாநிலத்து விவசாயி அல்லாத இந்தியனையே வாசலில் நிறுத்திவைக்கிறது. ஒரு ஜார்ஜியன் லூதியானாவில் செய்ய முடியாததை லூதியானாக்காரன் ஜார்ஜியாவில் ஆறேழு ஆண்டுகள் செய்ய முடிந்தது என்பதே ஆச்சரியம்.

பஞ்சாபிக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1965 போருக்குப் பிறகு குஜராத்தின் கட்ச் எல்லையில் தரிசைத் திருத்தச் சீக்கிய விவசாயிகள் குடியேற்றப்பட்டார்கள். பாலை போன்ற மண்ணைப் பயிராக்கினார்கள். 2010-ல், இவர்கள் குஜராத் விவசாயிகள் அல்ல என்று பழைய பம்பாய் மாகாணச் சட்டத்தைக் காட்டி அவர்களது நிலக் கணக்குகளை நிர்வாகம் முடக்கியது. 2012-ல் உயர் நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது; மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. சொந்த நாட்டிலேயே இந்தப் பாடு.

இதற்கு நேர்மாறான காட்சி தமிழ்நாட்டில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கம், ஜார்ஜியப் பேச்சு கிளம்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பஞ்சாபிலிருந்து வந்த சிலர் சீமைக் கருவேலம் மூடிய கரம்பை மலிவாக வாங்கினார்கள். ஊரார் சிரித்தார்கள். கருவேலத்தை வேரோடு எடுத்து, சொட்டு நீர் போட்டு, மா, கொய்யா, நெல்லி, தர்பூசணி என்று எடுத்தபோது சிரிப்பு நின்றது. அங்கே கைவிடப்பட்ட கரம்பு, விலைபோகாத கருவேலங்காடு. காக்கேத்தியில் பலருக்கு அதுவே கடைசிக் கையிருப்பு. அதே கை, அதே மண்வெட்டி, வரவேற்பு வேறு.

இவ்வளவு ரகளைக்கும் நடுவில், காய்கறி வளர்க்க நிலம் சொந்தமாக இருந்தே தீர வேண்டுமா என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. திராட்சைக்கும் அக்ரூட்டுக்கும் வேண்டும். இன்று நட்டால் பலன் வர வருஷங்கள் ஆகும். வெள்ளரியும் கத்தரியும் ஒரு பருவத்துக் கணக்கு. திபிலிசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ‘ஓடிப்போனவர்கள் சந்தை’ என்று பேர்கொண்ட பெரிய சந்தை இருக்கிறது. படையைவிட்டு ஓடிவந்த சிப்பாய்கள் 1920-களில் துப்பாக்கிகளை விற்ற இடமாம். இப்போது அங்கே பாலாடைக்கட்டியும், பச்சைப் பிளம் சட்டினியும், டாரகன் கீரையும், நீலப் பூ பூக்கும் ஒருவகை வெந்தயத்தின் பொடியும் விற்கிறார்கள். வெந்தயப் பொடிக்குப் பேர் ‘உட்ஸ்கோ சுனேலி’. அந்நிய மசாலா என்று பொருள். அது இல்லாமல் அந்த நாட்டுச் சமையல் இல்லை.

தலைநகரின் சந்தைகளுக்கு வரும் உருளைக்கிழங்கிலும் காய்கறியிலும் கணிசமான பங்கு தெற்கே மார்னெவுலி வட்டாரத்திலிருந்து வருகிறது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் அஜர்பைஜானிய இனத்தவர். தலைமுறைகளாக ஜார்ஜியக் குடிமக்கள். 1990-களின் நிலப் பங்கீட்டில் எல்லையோர நிலத்தைக் கொடுக்க அரசு தயங்கியது. விளைவு, அவர்களில் பலருக்கு நியாயமான பங்கு வரவில்லை. அரசிடம் மொத்தமாகக் குத்தகை எடுத்த பெரிய மனிதர்களிடம் உள்குத்தகை பிடித்துத்தான் பயிர் செய்தார்கள். ஆக, திபிலிசியின் கூட்டுக்குக் காய் கொடுத்தவர்களில் பலர் பத்திரம் இல்லாதவர்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குத்தகைக்காரனின் வயிற்றெரிச்சல் மார்னெவுலியிலும் மன்னார்குடியிலும் ஒன்றுதான். காய்கறிக்குப் பட்டாவைவிடத் தண்ணீரும் சந்தையும் ஆளும் முக்கியம் என்பதற்கு அவர்கள் சாட்சி.

அந்நியருக்கு இன்று ஜார்ஜியாவில் எஞ்சியுள்ள வழியும் குத்தகைதான். அரசியல் சட்டத்தின் தடை உடைமைக்கு மட்டும். உழுது பயிரிட அல்ல. வாங்க ஆள் இருக்கிறார்கள். மருத்துவம் படிக்கத் திபிலிசிக்கு வந்திருக்கும் இந்திய மாணவர்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட. பச்சை மிளகாய்க்கும் வெண்டைக்கும் ஏங்கும் கூட்டம் அது. போட்டியும் கடுமை. குளிர்காலம் வந்ததும் சார்ப்பி எல்லை வழியாகத் துருக்கித் தக்காளி லாரி லாரியாக இறங்கும். கண்ணாடிக் கூடம் இல்லாதவருக்கு அலஸானிப் பள்ளத்தாக்கில் காய்கறிப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான். அதற்குள் ஒருமுறை கல்மழை வந்தால் இலை மிஞ்சாது. காக்கேத்தியில் அது அடிக்கடி வரும் விருந்தாளி. மேகத்தைக் கலைக்க 2015 முதல் அரசே ராக்கெட் விட்டுக்கொண்டிருக்கிறது.

குத்தகை பேசப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பத்திரம் அல்ல, வாய்க்கால். சோவியத் காலத்து வாய்க்கால் வரைபடத்தில் இருக்கும். அதில் ஜூலையில் தண்ணீர் ஓடுகிறதா என்பதை ஜூலையில்தான் பார்க்க முடியும். அடுத்து, தரிசாகத் தெரியும் நிலத்தில் காலையும் மாலையும் மாடு வருகிறதா என்று ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும். வந்தால் மாட்டுக்காரரிடம் பேச வேண்டும், நிலத்துக்காரரிடம் பேசுவதற்கு முன்பே. நிலத்துக்காரரின் பேர் பதிவேட்டில் இருக்கிறதா, நிலத்தின் அளவைப் படம் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்கடுத்த வேலை. திபிலிசியில் போய்க் கேட்டால் அந்தத் தகவல் ஒரே நாளில் கிடைத்துவிடும்.